எஃப்எஃப்எம்பெக் எரர் காட்டினா என்ன பண்றது? ஒரு கல்யாண டிவிடியின் கதை

எபிசோடைக் கேட்க நேரமில்லாதவங்களுக்காக, பேசினதைத் திருத்தி எழுத்தா கொடுத்திருக்கேன். கமாண்டுகளை ஆடியோவில் எப்படி எழுத்துக்கூட்டிச் சொன்னேனோ, இங்கேயும் அப்படியே விட்டிருக்கேன்.

போன மாசம் எங்க வீட்டில் ஒரு சின்ன விசேஷம். சித்தியோட 20-வது கல்யாண நாள். என்ன வேணும்னு கேட்டதுக்கு சித்தி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "ரிசப்ஷன்ல அப்பா மைக்கைப் பிடிச்சுப் பேசுவாரேடா, அதை மட்டும் டிவியில போட்டுக் காட்டு."

அவங்க சொல்ற அப்பா, என் தாத்தா. இப்போ அவர் இல்லை. அவர் குரல் பதிவான இடம், எங்களுக்குத் தெரிஞ்சு, அந்தக் கல்யாண டிவிடி ஒண்ணுதான். அது பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், கவர்கூட இல்லாம கிடந்துச்சு. பின்பக்கம் நல்லாவே கீறல்.

வீட்டில் கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன் நான்தான். "அரை மணி நேர வேலை சித்தி"ன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். நாலு ராத்திரி ஆச்சு. அந்த நாலு ராத்திரியில் கத்துக்கிட்டதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதலில் பிரதி, அப்புறம்தான் மத்ததெல்லாம்

என் லேப்டாப்பில் டிவிடி டிரைவே கிடையாது. நண்பன் ஒருத்தன்கிட்ட யுஎஸ்பி டிரைவ் கடன் வாங்கினேன். டிஸ்க்கைப் போட்டு, சாதாரணமா காப்பி பேஸ்ட் பண்ணினேன். முதல் ஃபைல் வந்துச்சு. ரெண்டாவது ஃபைலில் பாதியில் நின்னு, டிரைவ் 'கிர்ர் கிர்ர்'னு சத்தம் போட ஆரம்பிச்சது. அப்புறம் எரர்.

நண்பனுக்கு போன் பண்ணினேன். அவன் சொன்ன முதல் வார்த்தை, "நிறுத்து". சாதாரண காப்பி, படிக்க முடியாத இடம் வந்ததும் கையை விரிச்சிடும். இதுக்குன்னே ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச டூல் இருக்கு. அது சுலபமா படிக்க முடியிற இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கும். கெட்டுப்போன இடங்களைக் குறிச்சு வச்சுக்கிட்டு, கடைசியில் திரும்பி வந்து அதோட மல்லுக்கட்டும். எங்கே விட்டோம்னு ஒரு மேப் ஃபைலில் எழுதி வைக்கிறதால, நடுவில் நிறுத்திட்டு மறுநாள்கூடத் தொடரலாம். டிவிடிக்கு செக்டர் அளவு 2048 பைட்னு சொல்லிக் கொடுக்கணும், அவ்வளவுதான்.

அதுக்கு முன்னாடி டிஸ்க்கை மெல்லிய துணியால் துடைச்சேன். துடைக்கும்போது வட்டமா துடைக்காதீங்க. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடா துடைங்க. டேட்டா வட்டப்பாதையில் பதிவாகியிருக்கு. அந்தப் பாதையோடவே புதுசா ஒரு கீறல் விழுந்தா, ஒரே இடத்தில் நிறைய டேட்டா போயிடும்.

ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலையில் பார்த்தா, சில செக்டர் தவிர மொத்த டிஸ்க்கும் ஒரே இமேஜ் ஃபைலா வந்திருந்தது. நண்பன் சொன்னபடி அதை ரெண்டு இடத்தில் வச்சேன். ஒண்ணை ரீட் ஒன்லியா மாத்தினேன். இதெல்லாம் ஓவரா இருக்கேன்னுதான் அப்போ நினைச்சேன். ரெண்டாவது ராத்திரி அதுதான் என்னைக் காப்பாத்துச்சு. அதுக்கு வர்றேன்.

டப்பா வேற, உள்ளே இருக்கிறது வேற

டிவிடிக்குள்ளே வீடியோ டிஎஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் விஓபின்னு முடியிற ஃபைல்கள். நான் பண்ணின முதல் முட்டாள்தனம், அந்த விஓபியை எம்பி4-னு ரீநேம் பண்ணி போனுக்கு அனுப்பினது. ஓடலை.

ஏன்னு புரிய எங்க வீட்டு சமையலறையைப் பார்த்தா போதும். அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், திறந்தா துவரம்பருப்பு. ஃபைல் பேருக்குப் பின்னாடி வர்ற எம்பி4, எம்கேவி, எல்லாமே பாட்டில் மேல இருக்கிற லேபிள்தான். லேபிளை மாத்தினா பருப்பு ஹார்லிக்ஸ் ஆகாது.

ஒரு வீடியோ ஃபைலில் ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு கன்டெய்னர், அதாவது பாட்டில். எம்பி4, எம்கேவி, விஓபி எல்லாம் கன்டெய்னர். இன்னொண்ணு, உள்ளே படத்தையும் ஒலியையும் எந்த முறையில் சுருக்கி வச்சிருக்காங்கன்றது. அது கோடெக். எச்.264, எச்.265, எம்பெக்-2 எல்லாம் வீடியோ கோடெக். ஏஏசி, ஏசி-3 எல்லாம் ஆடியோ கோடெக். "வீடியோ ஓடலை"ன்னு வர்ற பிரச்சினையில் முதலில் கேட்க வேண்டியது, தகராறு பாட்டிலோடவா, பருப்போடவா?

இங்கேதான் எஃப்எஃப்எம்பெக் வருது. 2000-த்தில் ஃபாப்ரிஸ் பெல்லார்ட்னு ஒரு பிரெஞ்சு புரோகிராமர் ஆரம்பிச்ச இலவச, ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட். பேரில் இருக்கிற 'எஃப்எஃப்' ஃபாஸ்ட் ஃபார்வர்டைக் குறிக்குது. நீங்க இதைக் கேள்விப்பட்டதில்லைன்னு நினைக்கலாம். விஎல்சி, ஓபிஎஸ், ஹேண்ட்பிரேக் இதில் எதையாவது பயன்படுத்தியிருந்தா, உள்ளே இதோட லைப்ரரிகள்தான் வேலை பார்க்குது. பட்டன் கிடையாது, கறுப்புத் திரையில் டைப் பண்ணணும். அதான் நிறைய பேர் பயப்படுறாங்க.

கூடவே எஃப்எஃப்ப்ரோப்னு ஒரு தம்பி டூலும் வரும். எதையும் மாத்தாது. ஃபைலுக்குள்ளே என்ன இருக்குன்னு மட்டும் சொல்லும். எஃப்எஃப்ப்ரோப், ஸ்பேஸ், ஃபைல் பேர், என்டர். என் ஃபைலுக்கு அது சொன்னது: வீடியோ எம்பெக்-2, 720-க்கு 576, விநாடிக்கு 25 ஃபிரேம், 'டாப் ஃபர்ஸ்ட்', எஸ்ஏஆர் 16-க்கு 15, டிஏஆர் 4-க்கு 3. ஆடியோ ஏசி-3. அப்போ 'டாப் ஃபர்ஸ்ட்', 'எஸ்ஏஆர்' எல்லாம் என்னன்னு தெரியாம கடந்து போயிட்டேன். எனக்கு அப்புறம் வந்த பாதிப் பிரச்சினைக்குப் பதில் அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

இப்போ முக்கியமான வித்தியாசம். கன்வெர்ட் பண்றதுன்னு நாம சொல்றது ரெண்டு வேறவேற வேலை. முதல் வேலை, பாட்டிலை மட்டும் மாத்துறது. உதாரணமா ஓபிஎஸ்ஸில் ரெக்கார்ட் பண்ணின எம்கேவி. உள்ளே எச்.264-ம் ஏஏசி-யும் இருந்தா, அதை எம்பி4-க்கு மாத்த நடுவில் 'ஹைஃபன் சி ஸ்பேஸ் காப்பி'ன்னு போட்டா போதும். சில விநாடியில் முடிஞ்சிடும், தரம் ஒரு துளி குறையாது.

ரெண்டாவது வேலை, உள்ளே இருக்கிறதையே பிரிச்சு மறுபடி சுருக்குறது. இது ஒரே காபித்தூளில் ரெண்டாவது டிகாக்‌ஷன் இறக்குற மாதிரி. எவ்வளவு கவனமா இறக்கினாலும் முதல் டிகாக்‌ஷன் ஆகாது. அதனால அவசியம் இருந்தா மட்டும், ஒரே ஒரு தடவை, ஒரிஜினலிலிருந்து நேரா பண்ணணும். கன்வெர்ட் பண்ணினதையே திரும்பத் திரும்ப கன்வெர்ட் பண்ணக்கூடாது. என் போனில் எம்பெக்-2 ஓடலை. அதனால எனக்கு ரெண்டாவது டிகாக்‌ஷன்தான் வழி.

எரர் மெசேஜை மேலிருந்து படிங்க

எஃப்எஃப்எம்பெக் தோத்துப்போனா, கடைசியா 'கன்வெர்ஷன் ஃபெயில்டு'ன்னு ஒரு வரி வரும். எல்லாரும் அதைத்தான் கூகுளில் தேடுவோம். அந்த வரியால ஒரு பிரயோஜனமும் இல்லை. கொஞ்சம் மேலே ஸ்க்ரோல் பண்ணி, முதன்முதலா வந்த சிவப்பு வரியைப் பிடிங்க. காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எனக்கு வந்த முதல் எரர்: "'தாத்தா'வுக்கு எந்த ஃபார்மட்னு முடிவு பண்ண முடியலை." நிஜமாவே அப்படித்தான் வந்துச்சு. நான் வெளியே வர வேண்டிய ஃபைலுக்கு 'தாத்தா பேச்சு டாட் எம்பி4'னு பேர் வச்சிருந்தேன். நடுவில் ஸ்பேஸ். டெர்மினலுக்கு ஸ்பேஸ்னா அடுத்த வார்த்தை. 'தாத்தா'ன்னு ஒரு ஃபைல், 'பேச்சு டாட் எம்பி4'னு இன்னொரு ஃபைல்னு எடுத்துக்கிச்சு. பேரை டபுள் கோட்ஸுக்குள்ளே போட்டதும் சரியாச்சு.

ரெண்டாவது, கன்வெர்ட் ஆன வீடியோ 20 நிமிஷம் சொச்சத்திலேயே முடிஞ்சு போச்சு. டிவிடியில் ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபிக்கு மேல போகக்கூடாதுன்னு விதி. அதனால ஒரே படத்தைத்தான் வரிசையா நாலு ஃபைலா வெட்டி வச்சிருந்தது. பூஜ்யத்தில் முடியிற விஓபி மெனு, அதை விட்டுடலாம். 1-லிருந்து சேர்த்தா போதும். சேர்க்கிறதுக்கு, 'கான்கேட் கோலன்'னு போட்டு, ஃபைல் பேர்களை நடுவில் நேர்க்கோடு, அதாவது பைப் குறி போட்டு எழுதணும். மொத்தத்தையும் கோட்ஸுக்குள்ளே போடணும். இல்லைன்னா அந்தப் பைப் குறியை டெர்மினல் வேற அர்த்தத்தில் எடுத்துக்கும். ஒரு எச்சரிக்கை: இப்படி நேரா ஒட்டுறது விஓபி மாதிரி ஃபைலுக்குத்தான். எம்பி4-களை இப்படி ஒட்ட முடியாது. அதுக்கு ஃபைல் பேர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பட்டியலா எழுதிக் கொடுக்கிற முறை இருக்கு.

இந்தக் கான்கேட் எல்லாம் தெரியறதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணினேன்றதுதான் இப்போ சொல்லப் போறது. ராத்திரி ஒரு மணி. ரெண்டு ஃபைலைச் சேர்க்கணும். என் அறிவுக்கு எட்டினபடி இப்படி அடிச்சேன்: ஹைஃபன் ஐ, முதல் விஓபி, ரெண்டாவது விஓபி, கடைசியா எம்பி4 பேர். ஃபைல் ஏற்கெனவே இருக்கு, மேல எழுதட்டுமான்னு கேட்டுச்சு. பழைய எம்பி4-ஐத்தான் கேட்குதுன்னு நினைச்சு, பேரைப் படிக்காம 'ஒய்' தட்டினேன்.

அது கேட்டது ரெண்டாவது விஓபியை. எஃப்எஃப்எம்பெக்கில் 'ஹைஃபன் ஐ'-க்கு அடுத்து வர்ற ஃபைல் மட்டும்தான் உள்ளே போற ஃபைல். ஹைஃபன் ஐ இல்லாம நிக்கிற எந்தப் பேரும் வெளியே வர்ற ஃபைல். நான் ஒரே ஒரு ஹைஃபன் ஐ-தான் போட்டிருந்தேன். 1 ஜிபி இருந்த ஃபைல், நான் கன்ட்ரோல் சி அடிக்கிறதுக்குள்ளே சில கேபி ஆயிருந்தது. தாத்தா பேசுறது அந்த ரெண்டாவது ஃபைலில்தான்.

ஒரு நிமிஷம் கை ஓடலை. அப்புறம்தான் ரீட் ஒன்லி இமேஜ் ஞாபகம் வந்தது. அதைத் திறந்து விஓபியைத் திரும்ப எடுத்தேன். அது இல்லைன்னா, ராத்திரி முழுக்கத் திணறிப் படிச்ச அந்த டிஸ்க்கை மறுபடியும் நம்பியிருக்கணும்.

அன்னையிலேர்ந்து ரெண்டு பழக்கம். ஒண்ணு, எல்லா கமாண்டிலும் 'ஹைஃபன் என்' போடுவேன். அது இருந்தா, ஏற்கெனவே இருக்கிற ஃபைல் மேல எழுதாது. ரெண்டு, இணையத்திலிருந்து எடுக்கிற கமாண்டில் 'ஹைஃபன் ஒய்' இருக்கான்னு பார்த்து நீக்கிடுவேன். அது இருந்தா, கேட்காமலே அழிச்சிடும்.

எல்லாரும் ஏன் ஒல்லியா இருக்காங்க?

மூணாவது ராத்திரி, முழு வீடியோ வந்துச்சு. ஆனா யாராவது கையை ஆட்டினா, கை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடா தெரிஞ்சுது. இதுதான் எஃப்எஃப்ப்ரோப் சொன்ன 'டாப் ஃபர்ஸ்ட்'. நம்ம ஊர் பழைய டிவி முறை பால். விநாடிக்கு 25 முழுப் படம் காட்டாம, 50 அரைப்படமா காட்டும். ஒண்ணில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். இதுக்குப் பேர் இன்டர்லேஸ். பழைய குண்டு டிவியில் இது கண்ணுக்குத் தெரியாது. இப்போ இருக்கிற ஸ்கிரீனில் ரெண்டு அரைப்படத்தையும் ஒண்ணா காட்டும்போது சீப்புக்கோடு வருது. மருந்து, 'பிடபிள்யூடிஐஎஃப்'னு ஒரு ஃபில்டர். அது ஒவ்வொரு அரைப்படத்தையும் முழுப்படமாக்கி, விநாடிக்கு 50 ஃபிரேம் கொடுக்கும். அசைவு பழைய டிவியில் பார்த்த மாதிரியே வழுக்கிட்டுப் போகும்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தா எல்லாரும் கொஞ்சம் ஒல்லியா இருந்தாங்க. அத்தைக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கு இல்லை. டிவிடியில் பிக்சல் சதுரம் கிடையாது. 720-க்கு 576-னு பதிவாகியிருந்தாலும், காட்டும்போது 4-க்கு 3 விகிதத்துக்கு இழுத்துக் காட்டணும். அந்தக் குறிப்புதான் எஸ்ஏஆர். சில பிளேயர் அதை மதிக்கும், சில ஆப் மதிக்காது. அதனால நாமே இழுத்துக் கொடுத்துடுறது நல்லது: 768-க்கு 576.

கமாண்டில் இப்படி வரும். ஹைஃபன் விஎஃப், ஸ்பேஸ், பிடபிள்யூடிஐஎஃப், கமா, ஸ்கேல் ஈக்வல் டு 768 கோலன் 576, கமா, செட்சார் ஈக்வல் டு 1. நடுவில் ஸ்பேஸ் வேண்டாம். வரிசை முக்கியம்: முதலில் சீப்புக்கோட்டை எடுக்கணும், அப்புறம்தான் அளவை மாத்தணும். அளவை முதலில் மாத்தினா ரெண்டு அரைப்படமும் ஒண்ணோட ஒண்ணு குழம்பிப் போகலாம். அப்புறம் பிரிக்க முடியாது.

தரத்துக்கு 'ஹைஃபன் சிஆர்எஃப்'. எக்ஸ்264-ல் 0-விலிருந்து 51 வரைக்கும் போகும். எண் குறைய குறைய தரம் கூடும், ஃபைலும் பெருசாகும். சொல்லலைன்னா 23. நான் 18 வச்சேன்.

இன்னொண்ணு. ஒவ்வொரு சோதனைக்கும் முழு வீடியோவை ஓட்டாதீங்க. 'ஹைஃபன் டி 60' போட்டா 60 விநாடி மட்டும் கன்வெர்ட் ஆகும். சரியா வந்ததும் அதை எடுத்துட்டு முழுசா ஓட்டுங்க. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு ராத்திரி மிச்சம்.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

நாலாவது ராத்திரி. படம் அருமை. தாத்தா மேடை ஏறுறார், மைக் வாங்குறார். அவர் உதடு அசையறதுக்கு முன்னாடியே வார்த்தை வந்துடுது. ஏறக்குறைய மூணு விநாடி வித்தியாசம். வீடியோவோட ஆரம்பத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. தாத்தா பேச ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்தில்தான்.

காரணம் அந்தக் கீறல். படிக்க முடியாத செக்டரில் இருந்த ஒலி போயிடுச்சு. எஃப்எஃப்எம்பெக் அந்த ஓட்டையை அப்படியே விடாம, அடுத்த ஒலியை முன்னாடி இழுத்து ஒட்டிடுச்சு. அதனால அந்த இடத்துக்கு அப்புறம் எல்லா வார்த்தையும் மூணு விநாடி சீக்கிரம். தீர்வு ஒரு ஆடியோ ஃபில்டர்: ஹைஃபன் ஏஎஃப், ஸ்பேஸ், ஏரீசாம்பிள் ஈக்வல் டு ஏசிங்க் ஈக்வல் டு 1. ஒவ்வொரு ஒலித்துண்டும் எந்த நேரத்தில் வரணும்னு ஃபைலுக்குள்ளே குறிச்சிருக்கும். இந்த ஃபில்டர் அந்தக் குறிப்பைப் பார்த்து, ஓட்டை இருக்கிற இடத்தில் மௌனத்தை நிரப்பும்.

போட்டதும் வேற எரர். ஃபில்டரையும் காப்பியையும் சேர்த்துப் பயன்படுத்த முடியாதுன்னு. ஆடியோவுக்கு நான் 'காப்பி' போட்டு வச்சிருந்தேன். பாட்டிலை மட்டும் மாத்துன்னும் சொல்லி, உள்ளே இருக்கிறதைச் சரிபண்ணுன்னும் சொன்னா அது என்ன பண்ணும்? காப்பியை எடுத்துட்டு ஏஏசி-ன்னு போட்டேன். சரியாச்சு.

கடைசியா 'ஹைஃபன் மூவ்ஃபிளாக்ஸ், பிளஸ் ஃபாஸ்ட்ஸ்டார்ட்'. எம்பி4-க்கு உள்ளே ஒரு பொருளடக்கம் உண்டு. சாதாரணமா அது கடைசிப் பக்கத்தில் இருக்கும். இதைப் போட்டா முதல் பக்கத்துக்கு வந்துடும். இணையத்தில் ஏத்தினா, முழுசா டவுன்லோடு ஆகும்வரை காத்திருக்காம ஓட ஆரம்பிக்கும்.

நீங்க அனுப்பின மூணு கேள்விகள்

'மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்'னு வருது, என்ன பண்றது? இப்போ சொன்ன அதே பொருளடக்கம்தான். கேமரா அதை ரெக்கார்டிங் நிறுத்தும்போதுதான் எழுதும். நடுவில் பேட்டரி போனா பொருளடக்கம் இல்லாத புத்தகம்தான் மிஞ்சும். எஃப்எஃப்எம்பெக்கால் தனியா இதைச் சரிபண்ண முடியாது. அன்ட்ரங்க்னு ஒரு டூல் இருக்கு. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒண்ணைக் காட்டினா, அதை மாதிரியா வச்சு மீட்கப் பார்க்கும். அதுவரைக்கும் அந்த மெமரி கார்டில் புதுசா எதையும் எடுக்காதீங்க.

'உயரம் ரெண்டால் வகுபடலை'ன்னு எரர் வருது? ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை கிராப் பண்ணினவங்களுக்கு இது அடிக்கடி வரும். வழக்கமான எச்.264 வீடியோவில் நிறத்தை அகலம், உயரம் ரெண்டிலும் பாதியாக்கிச் சேமிக்கிறாங்க. ஒற்றைப்படை எண்ணைப் பாதியாக்க முடியாதில்லையா? ஸ்கேலில் உயரத்துக்கு மைனஸ் 1-க்குப் பதிலா மைனஸ் 2 போடுங்க. பக்கத்தில் இருக்கிற இரட்டைப்படை எண்ணை அதுவே எடுத்துக்கும்.

போன் வீடியோவை எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டா, போகப் போக ஆடியோ தள்ளிப்போகுது? போன் நிறைய நேரம் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டில் எடுக்காது. வெளிச்சம் குறைஞ்சா ரேட்டும் குறையலாம். சில எடிட்டருக்கு அது பிடிக்காது. எடிட்டரில் போடுறதுக்கு முன்னாடி, வெளியே வர்ற ஃபைல் பேருக்கு முன்னால் 'ஹைஃபன் ஆர் 30' போட்டு ஒரு தடவை மாத்திக்கோங்க. சீராயிடும்.

ஞாயிற்றுக்கிழமை

பென் டிரைவில் போட்டு டிவியில் ஓட்டினோம். தாத்தா பெரிய சொற்பொழிவு ஒண்ணும் ஆத்தலை. வந்தவங்களுக்கு நன்றி சொல்றார். மாடியில் பந்தி ஆரம்பிச்சாச்சு, யாரும் சாப்பிடாமப் போகக்கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்றார். அவ்வளவுதான்.

நடுவில் அந்த மூணு விநாடி மௌனம் வந்துச்சு. படமும் அப்படியே நின்னுது. நான் மன்னிப்புக் கேட்கலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ளே சித்தி, "இந்த இடத்துல அப்பா இருமுவார்"னாங்க.

எந்த ஃபில்டராலும் மீட்க முடியாதது அவங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. ஆனா மீதி ரெண்டு நிமிஷம் இனிமே எங்க எல்லார் போனிலும் இருக்கு. ஒரிஜினல் இமேஜ் ரெண்டு இடத்தில் பத்திரமா இருக்கு.

உங்க வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு டிஸ்க் இருக்கலாம். கன்வெர்ட் பண்றதை அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வாரம் பிரதி மட்டும் எடுத்து வச்சிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.